கால் முறிந்த குதிரைக்கும் ஒரு நிழல்

கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி, வாயில்லா ஜீவன்களுக்காகப் போராடிய கதை

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோவில் பிரம்மோற்சவத்தில் குதிரை வாகனம் உண்டு. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய்கிற கோலத்தில் நிற்கும் குதிரை. அதன் மேல் பெருமாள் அமர்ந்து வீதி வலம் வருவார். வீட்டுக்கு வீடு கோலம் போட்டு, கற்பூரம் காட்டி, மக்கள் கைகூப்பி வணங்குவார்கள்.

அது மரக் குதிரை. அதன் கால் முறிந்தால் ஆசாரியை அழைத்துச் சீர் செய்துவிடலாம்.

அதே திருவள்ளூரில் ரெயில் ஏறிச் சென்னைக்குப் போனால் கிண்டி. அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அங்கே ஓடியவை ரத்தமும் சதையும் உள்ள குதிரைகள். ஓடும்போது அவற்றில் ஒன்றின் கால் முறிந்தால்? நரம்பு அறுந்தால்? ஜெயித்த குதிரையின் படம் பத்திரிகையில் வரும். விழுந்த குதிரை எங்கே போனது என்று யார் கேட்பார்?

அப்படிக் கேட்ட பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் குதிரை வளர்த்தவர் அல்ல. கால்நடை வைத்தியரும் அல்ல. காலில் சலங்கை கட்டி ஆடியவர். ருக்மிணி தேவி அருண்டேல்!

பரத நாட்டியம் என்றால் அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவில் மாடு, குதிரை, நாய், பூனை எல்லாவற்றுக்கும் சட்டத்தின் காவல் விரிவாகக் கிடைக்கக் காரணமானவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

மதுரையில் பிறந்த பெண்

1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந்தேதி மதுரையில் பிறந்தார் ருக்மிணி. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் பிறந்த நாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி, பொதுப் பணித் துறையில் என்ஜினீயர். பிரம்மஞான சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர். உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு சென்னை அடையாறுக்கு வந்து, சங்கத்தின் தோட்டத்துக்கு அருகில் குடியேறினார்.

அடையாறு அப்போது தனி உலகம். பெரிய ஆலமரம், ஆற்று முகத்துவாரம், பல தேசத்து மனிதர்கள், அன்னி பெசன்ட் அம்மையாரின் சொற்பொழிவுகள். எல்லா உயிரும் ஒன்றே என்பது அங்கே தினந்தோறும் பேசப்பட்ட விஷயம். புலால் உண்ணாத வைதிகக் குடும்பத்தில் பிறந்த சிறுமிக்கு அந்தப் பேச்சு மனதில் ஆழப் பதிந்தது.

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேலைச் சந்தித்தார். அருண்டேல் ஆங்கிலேயர், கல்வியாளர், ருக்மிணியைவிட 25 வயது மூத்தவர். 1920-ம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 16. சென்னை கொதித்தது. பிராமணப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று ஊரெல்லாம் ஏச்சு. ஊர் ஏசும்போது கலங்காமல் நிற்கும் பழக்கம் அந்த வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. பின்னாளில் அது பயன்பட்டது.

சலங்கையும் சர்ச்சையும்

கணவருடன் பல நாடுகள் சுற்றினார். ருஷ்ய நாட்டு நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. சொந்த நாட்டுக் கலையை நாடும்படி அவருக்கு வழி காட்டியவர் பாவ்லோவா. 1933-ம் ஆண்டு சென்னையில் சதிர்க் கச்சேரி ஒன்றைக் கண்டு மனம் பறிகொடுத்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் பயின்றார். 1935-ம் ஆண்டு அடையாறில் மேடை ஏறினார். அப்போது வயது 31. அரங்கேற்றத்துக்கு அது அதிக வயது. அதைப் பற்றியும் பேச்சு எழுந்தது. மறு ஆண்டு, 1936-ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது.

பரம்பரையாக ஆடி வந்த குடும்பங்களிடம் இருந்து கலை கைமாறிப் போனது என்ற குறையும் அவர் மீது சொல்லப்படுகிறது. அந்த வாதம் இன்றளவும் ஓயவில்லை. நாட்டியக் கதை பெரிய கதை. அதைச் சொல்ல இந்தப் பக்கம் போதாது. நாம் வேறு வழியில் போவோம்.

1945-ம் ஆண்டு கணவர் காலமானார். ருக்மிணி தேவிக்கு வயது 41. குழந்தைகள் இல்லை. பள்ளியும் கலையும்தான் குடும்பம். அந்தக் குடும்பத்தில் வாயில்லா ஜீவன்களும் சேர்ந்தன.

ராஜ்ய சபையில்...

1952-ம் ஆண்டு ராஜ்ய சபை அமைந்தபோது ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர்களில் ருக்மிணி தேவியும் ஒருவர். அப்படி நியமனம் பெற்ற முதல் பெண் அவரே.

கலைஞர் என்ற முறையில் கிடைத்த பதவி அது. கலையைப் பற்றிப் பேசினாலே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கப் புதிய சட்டம் வேண்டும் என்று 1953-ம் ஆண்டு தனிநபர் மசோதா கொண்டுவந்தார்.

சட்டமே இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. 1890-ம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதில் ஓட்டைகள் அதிகம். அறுபது ஆண்டுகளில் நாடு மாறிவிட்டது. பரிசோதனைச் சாலைகள் வந்துவிட்டன. குரங்குகள் கப்பலேறின. சந்தைக்குப் போகும் மாடுகள் ரெயிலிலும் லாரியிலும் அடைபட்டன. பழைய சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது.

மனிதருக்கே சோறு போதாத நாட்டில் மிருகத்துக்கு என்ன சட்டம் என்ற கேள்வி எழுவது இயல்பு. ருக்மிணி தேவியின் எண்ணம் வேறு. கருணையைக் கூறு போட முடியாது. மாட்டை அடித்துப் பழகிய கை மனிதனையும் அடிக்கும் என்பது அவர் நம்பிக்கை.

1954-ம் ஆண்டு மசோதா விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஆதரித்துப் பேசினார். ஆனால் தனிநபர் மசோதாவாக வேண்டாம். சர்க்காரே ஆராய்ந்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கூறினார். வாபஸ் பெறும்படி கேட்டுக்கொண்டார்.

பெற்ற பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுப்பது போன்ற காரியம் அது. ருக்மிணி தேவி சம்மதித்தார். சர்க்கார் ஒரு குழுவை அமைத்தது. குழு விசாரித்தது, அறிக்கை கொடுத்தது. ஒரு ஆண்டு போயிற்று. இரண்டு ஆண்டு போயிற்று. 1956-ல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது. ராஜ்ய சபைக்கு மறுபடியும் நியமனம் கிடைத்தது. சட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அவர் விடவில்லை.

1960-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. மசோதா கொண்டுவந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது!

சட்டம் என்ன சொல்கிறது?

அதன் மூன்றாம் பிரிவு மிகச் சிறியது. ஆனால் அதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு பிராணியை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அதன் நலனைப் பார்த்துக்கொள்வதும், தேவையற்ற வேதனை வராமல் தடுப்பதும் அவர் கடமை. பிராணி உழைக்கிறதா, பால் கறக்கிறதா, பந்தயத்தில் ஜெயிக்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. வைத்திருக்கிறாயா? அப்படியானால் நீயே பொறுப்பு. அவ்வளவுதான்.

பதினோராம் பிரிவு குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது குற்றம். வயதாகியோ, நோயாலோ, புண்ணாலோ இயலாமல் போன பிராணியிடம் வேலை வாங்குவது குற்றம். தீனியும் தண்ணீரும் ஒதுங்க இடமும் கொடுக்காமல் இருப்பது குற்றம். தக்க காரணம் இன்றித் தெருவில் விட்டுவிடுவதும் குற்றம்.

முப்பத்தைந்தாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வதைக்கு உள்ளான பிராணிகளுக்கு மாநில சர்க்கார் சிகிச்சை நிலையங்கள் ஏற்படுத்தலாம். உடல் தேறும் வரை அந்தப் பிராணியை அங்கேயே வைத்திருக்கும்படி மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாம். கொண்டுபோகும் செலவும் பராமரிப்புச் செலவும் சொந்தக்காரர் தலையில்! காயம் பட்ட பிராணிக்குப் பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

குறைகளும் உண்டு. முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். 1960-ல் அது ஒரு தொகை. பிறகு அது தேநீர்க் கடைப் பணம் ஆகிவிட்டது. மருத்துவ ஆராய்ச்சிக்காகப் பிராணிகள் மீது பரிசோதனை செய்வதையும் சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. கண்காணிப்புக்கு உட்படுத்தியதோடு நின்றது.

ஜட்காவுக்கும் கணக்கு

சட்டம் எழுதிவிட்டால் போதுமா? நடத்திவைக்க ஆள் வேண்டுமே. 1962-ம் ஆண்டு பிராணிகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. தலைமை அலுவலகம் சென்னையிலேயே அமைந்தது. 2018-ம் ஆண்டு அது அரியானாவுக்கு மாறும் வரை, இந்தியாவின் பிராணிகள் நலத்துக்குத் தலைநகரம் சென்னைதான்.

அந்த நாளில் நம் ஊர்களில் ரெயில் நிலைய வாசல்தோறும் ஜட்கா நிற்கும். குதிரை எலும்பும் தோலுமாக இருக்கும். உள்ளே ஆறு பேர், ஏழு பேர், மூட்டை முடிச்சு வேறு. உச்சி வெயிலில் தார் ரோட்டில் லாடம் வழுக்கிக் குதிரை மண்டியிடும். சவுக்கு விழும்.

1965-ம் ஆண்டு வந்த விதிகள் இதற்கெல்லாம் கணக்குப் போட்டன. வண்டி ஓட்டுபவரும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக 4 பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியிலே பூட்டக் கூடாது. முள் வைத்த குச்சியும் முள் வைத்த கடிவாளமும் கூடாது. லாடம் அடிப்பவருக்குக்கூட லைசென்சு வேண்டும் என்று அதே ஆண்டு தனி விதி வந்தது. லாடம் தப்பாக அடித்தால் குதிரை நொண்டியாகிவிடும் அல்லவா?

1978-ம் ஆண்டு பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கும் விதிகள் வந்தன. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் இரவில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தொழிற்பேட்டைக்கு இரும்பு ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே, கொம்பும் வாலும் வெளியே தெரிய மாடுகளை அடைத்துக்கொண்டு ஓர் லாரி போகும். விதி ஏட்டில் இருக்கிறது. தடுத்துக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பந்தயக் குதிரையின் பாடு

இப்போது கிண்டிக்கு வருவோம்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலும் மூன்று வயதிலுமே ஓட ஆரம்பிக்கிறது. உடல் எடை 450 முதல் 500 கிலோ. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகம். அத்தனை பாரமும் அத்தனை வேகமும் வந்து இறங்குவது கணுக்கால் போன்ற மெல்லிய காலில். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதைப் பிடிப்பு கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவே. அதனால் ரத்த ஓட்டம் குறைவு. காயம் ஆறுவது தாமதம்.

மனிதன் கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் படுத்திருப்பான். குதிரையால் வாரக்கணக்கில் படுத்திருக்க முடியாது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் பாரமெல்லாம் மற்றக் காலில் விழும். அந்தக் குளம்பும் அழற்சி கண்டு கெடும். எலும்பு நொறுங்கிய குதிரையை வலியில்லாமல் கண்மூடச் செய்வது பல சமயம் வைத்தியர் செய்யக்கூடிய ஒரே உபகாரம். மீள முடியாத வேதனையில் கிடக்கும் பிராணிக்கு அதை இந்தச் சட்டமும் அனுமதிக்கிறது.

ஆனால் எல்லாக் காயமும் அப்படி அல்ல. தசைநாண் கிழிந்த குதிரை, மூட்டு தேய்ந்த குதிரை பிழைத்துக்கொள்ளும். நடக்கும், மேயும். ஓட மட்டும் முடியாது. அப்போது அதற்கு வயது ஐந்தோ ஆறோ இருக்கலாம். குதிரையின் ஆயுள் 25, 30 ஆண்டு. மீதி 20 ஆண்டுக்கு யார் தீனி போடுவது?

இங்கேதான் சிக்கல். நல்ல வம்சத்துப் பெட்டைக் குதிரையாக இருந்தால் இனப்பெருக்கப் பண்ணைக்குப் போகும். அடக்கமான குதிரை சவாரிப் பள்ளிக்குப் போகும். மற்றவை கை மாறும். கல்யாண ஊர்வலம், கடற்கரை சவாரி என்று போகும். ஒவ்வொரு கைக்கும் விலை குறையும். விலை குறையக் குறையத் தீனியும் குறையும். நொண்டுகிற காலோடு ஆளைச் சுமக்க வேண்டி வரும்.

அதற்கு ஒரு புகலிடம் என்றால் சாமானிய காரியம் இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ புல்லும் வைக்கோலும் வேண்டும். 30 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். பந்தய லாயத்தில் ஓட்ஸ் தின்று வளர்ந்த குதிரையைத் திடீரென்று புல்லில் விட்டால் வயிற்றுவலி கண்டு செத்துப்போகவும் கூடும். தீனியைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாகக் கட்டினால் ஏங்கும். பக்கத்தில் ஒரு மட்டக் குதிரையோ கழுதையோ இருந்தால்கூடப் போதும், அமைதி அடைந்துவிடும்.

இப்படிப்பட்ட இடங்கள் சில நம் நாட்டில் இருக்கின்றன. நீலகிரியில் முதுமலைக் காட்டு ஓரம், மாவனல்லாவில் ஒரு பண்ணை. கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அங்கே இடம் கொடுத்து வைத்தியம் பார்த்து வந்திருக்கிறார்கள். ஆனால் தேவைக்கு முன் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பின்னால் நின்ற குதிரை

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைப் பற்றி வாதம் நடக்காத காலம் இல்லை. பணம் கட்டித் தோற்றுக் குடும்பங்கள் அழிகின்றன என்று 1974-ம் ஆண்டு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமையும் சேர்ந்தது. ஆகவே சூதாட்டம் ஆகாது என்று 1996-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. 2024-ம் ஆண்டு ஊட்டியிலும் கிண்டியிலும் பந்தய மைதான நிலத்தை அரசு கையகப்படுத்த முனைந்தது. அப்போது பேச்சு நிலத்தைப் பற்றியும் குத்தகை பாக்கியைப் பற்றியும்.

முதல் வாதம் மனிதனின் பணத்தைப் பற்றியது. இரண்டாவது சட்டச் சொல்லைப் பற்றியது. மூன்றாவது நிலத்தைப் பற்றியது. மூன்றிலும் குதிரை பின்னால்தான் நின்றது. பந்தயம் நடந்தாலும் நின்றாலும் லாயத்தில் இருக்கும் குதிரை மறுநாள் காலையில் தீனி கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ருக்மிணி தேவி போராடி வாங்கிய சட்டத்தின் மூன்றாம் பிரிவு அந்த விடையை 1960-லேயே சொல்லிவிட்டது.

ஜனாதிபதி பதவியும் வேண்டாம்!

1977-ம் ஆண்டு. பிரதமர் மொரார்ஜி தேசாய், ருக்மிணி தேவியை ஜனாதிபதி பதவிக்கு நிறுத்த விரும்பினார். அவர் சம்மதித்திருந்தால் நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி தமிழ்ப் பெண்ணாக இருந்திருக்கக் கூடும். அவர் மறுத்துவிட்டார். திருவான்மியூரில் மரங்களுக்கு நடுவே இருந்த கலாக்ஷேத்திரமும் தம் பணிகளுமே அவருக்குப் பெரிதாக இருந்தன.

1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி சென்னையில் காலமானார். 82-வது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தன.

அவர் உருவாக்கிய நாட்டிய நாடகங்களை இன்னும் ஆடுகிறார்கள். அவர் பெயரில் விழா நடக்கிறது. அவருடைய இன்னொரு பணிக்கு மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. அது தெருவில்தான் நடக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

திருவள்ளூர்க் கோவில் குளத்தில் அமாவாசை அன்று வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவது போல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. வைத்திய வீரராகவர் என்றே பெருமாளுக்குப் பெயர். நமக்கு நோய் வந்தால் சொல்லிக்கொள்ள அவர் இருக்கிறார். வாயில்லாத ஜீவன் எந்தக் குளத்தில் வெல்லம் கரைக்கும்?

ரோட்டோரம் காயத்தோடு நிற்கும் குதிரையையோ மாட்டையோ பார்த்தால் தாண்டிப் போய்விட வேண்டாம். பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியிலோ போலீஸ் நிலையத்திலோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி அந்தப் பிராணியைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்கும் இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊர்வலத்துக்குக் குதிரை பேசும்போது, அது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறதா என்று ஒரு கணம் குனிந்து பாருங்கள். நொண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏழு ஆண்டு காத்திருந்து அந்த அம்மையார் வாங்கிக் கொடுத்த சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவருவது நம் கையில்.